ஒரு சீழ்க்கை ஒலியை மொழிபெயர்ப்பது: பதின்ம வயதினருக்கான ஆஸ்துமா கேள்விப்படிவங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

மருத்துவப் படிவங்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அதில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது நீளமான நோய்ப் பெயர்களோ வாயில் நுழையாத மருந்துப் பெயர்களோ அல்ல. ஆங்கிலத்தில் ஒரே அசையில் முடிந்துவிடும் ஒரு சின்னச் சொல்: 'வீஸ்'. சுருங்கிப்போன மூச்சுக்குழாய்களின் வழியே காற்று நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது நெஞ்சிலிருந்து எழும் சீழ்க்கை போன்ற ஒலி. ஆஸ்துமாவைப் பற்றி விசாரிக்கும் படிவம் எதுவானாலும் இந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, அந்தச் சொல்லோடு உலகம் முழுவதும் மல்லுக்கட்டிய ஒரு பெரிய முயற்சியை. அங்கிருந்து தொடங்கி, பதின்ம வயதினர் தங்கள் ஆஸ்துமாவைத் தாங்களே எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளக்கும் படிவங்களுக்கு வருகிறேன். முதல் முயற்சி கண்டுபிடித்த வழி இரண்டாவதற்குப் பயன்படாது. ஏன் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சொல்லைக் கைவிட்ட படம்

குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை நோய்களை நாடுவாரியாக ஒப்பிடுவதற்காக 1991இல் ஓர் அனைத்துலக ஆய்வு உருவானது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஐசாக்' என்பார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து அதன் மையம். 6, 7 வயதுக் குழந்தைகளுக்காகப் பெற்றோர் விடையளித்தார்கள். 13, 14 வயது மாணவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து தாங்களே நிரப்பினார்கள். பதின்ம வயதினரை நம்பி, அவர்கள் கையிலேயே தாளைக் கொடுத்தது அந்த ஆய்வின் துணிச்சல்.

முதல் கேள்வி எளிமையானது: நெஞ்சில் வீசிங்கோ விசில் போன்ற சத்தமோ எப்போதாவது வந்திருக்கிறதா? அடுத்தது, கடந்த 12 மாதங்களில் வந்ததா? பிறகு எத்தனை முறை, தூக்கம் கெட்டதா, ஒரு மூச்சுக்கு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு முற்றியதா என்று போகும். எட்டே கேள்விகள். ஒவ்வொரு மையமும் தன் வட்டார மொழியில் பெயர்க்க வேண்டும். அதை இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூலத்திலிருந்து விலகல் இருந்தால் முடிவு அட்டவணையில் அடிக்குறிப்பாக அது பதிவாகும்.

1998இல் முதல் கட்ட முடிவுகள் வந்தன. 56 நாடுகள், 155 மையங்கள், 4,63,801 மாணவர்கள். கடந்த 12 மாதங்களில் வீசிங் இருந்ததாகச் சொன்ன 13, 14 வயதினர், அல்பேனியா, சீனா, கிரீஸ், ஜார்ஜியா, இந்தோனேசியா, ருமேனியா, ரஷ்யா ஆகியவற்றில் 2.1 முதல் 4.4 சதவீதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, பிரிட்டனில் 29.1 முதல் 32.2 சதவீதம்.

உச்சியில் நிற்கும் அந்த நான்கு நாடுகளையும் இன்னொரு முறை பாருங்கள். 'வீஸ்' என்ற சொல்லைத் தாய்ப்பாலோடு பருகிய நாடுகள் நான்கும். அங்கே ஆஸ்துமா அதிகமா, அல்லது அதைச் சொல்லும் வார்த்தை அதிகமா? சந்தேகப்படாமல் இருக்க முடியாது.

இந்தச் சந்தேகம் முடிவு வந்த பிறகு முளைத்தது அல்ல. ஆய்வுக்காரர்கள் அதை முன்பே எதிர்பார்த்திருந்தார்கள். நியூசிலாந்தில் 1990களின் தொடக்கத்திலேயே பதின்ம வயதினரிடம் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டிக் கேட்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐசாக் அதை எடுத்துக்கொண்டது. ஐந்து காட்சிகள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் இரைச்சல், ஓடியாடிய பின் வருவது, இரவில் இரைச்சலோடு விழிப்பது, இரவில் இருமலோடு விழிப்பது, கடுமையான மூச்சுமுட்டல். படத்தில் நோயின் பெயர் இல்லை, 'வீஸ்' இல்லை. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும், உன் மூச்சு எப்போதாவது இப்படி இருந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். 42 நாடுகளின் 99 மையங்களில் 3,04,796 மாணவர்கள் இதைப் பார்த்து விடையளித்தார்கள். எழுத்துப் படிவத்தை நிரப்பி முடித்த பிறகுதான் படம். படம் கற்றுக்கொடுத்ததை வைத்துத் தாளில் எழுதிவிடக் கூடாது அல்லவா.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் வெட்கமும் நிறைய மரியாதையும் உண்டு. ஒரு சொல்லை எல்லா மொழிகளிலும் சமமாக நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு, சொல்லையே மேசையிலிருந்து அகற்றிவிட்டார்கள். படத்திலும் நாடுகளின் வரிசை பெரிய அளவில் தலைகீழாகவில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி உண்மையானது, வெறும் மொழிக் கோளாறு அல்ல என்று நம்ப அது இடம் கொடுத்தது. ஆனால் மையத்தின் மொத்தக் கணக்கு ஒத்துப்போனாலும், ஒரே மாணவர் தாளில் சொன்னதும் படத்தைப் பார்த்துச் சொன்னதும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. நாடுகளை ஒப்பிட அது போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போதாது.

படத்தில் காட்ட முடியாதது

ஐசாக் நோய் இருக்கிறதா என்று கேட்டது. அதற்குப் பிறகு வந்த படிவங்கள் வேறு விஷயத்தைக் கேட்கின்றன: நோயோடு நீ என்ன செய்கிறாய்?

2004இல் வெளிவந்த 'ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை' 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஐந்து கேள்விகள், கடந்த நான்கு வாரங்கள், மொத்தம் 5 முதல் 25 வரை மதிப்பெண். 19 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய் சரியான கட்டுப்பாட்டில் இல்லை. அதற்கு முன்பே 1996இல் கனடாவின் எலிசபெத் ஜூனிப்பர் 7 முதல் 17 வயதினருக்கான வாழ்க்கைத் தரப் படிவத்தை 23 கேள்விகளோடு அமைத்திருந்தார். 2019இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து பதின்ம வயதினருக்கென்றே ஒரு படிவம் வந்தது. அது 27 கேள்விகளில், மருந்து, அறிகுறிகள், நண்பர்களும் குடும்பமும் பள்ளியும், நோயைப் பற்றிய எண்ணங்கள் ஆகிய நான்கிலும் அந்தப் பிள்ளைக்குத் தன்மேல் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று அளக்கிறது. ஐசாக்கின் வாரிசாக 2012இல் உருவான 'உலக ஆஸ்துமா வலையமைப்பு' கூட, தன் படிவத்தில் மருந்துகளையும், நோயைப் பார்த்துக்கொள்ள எழுதிக்கொடுத்த திட்டம் கையில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டது.

மூச்சிரைப்பைப் படமெடுக்கலாம். நண்பர்கள் முன்னால் இன்ஹேலரை எடுக்கத் தயங்குவதை எப்படிப் படமெடுப்பது? நடித்துக் காட்டலாம்தான், ஆனால் அந்தக் கணமே அது ஒரு நீதிக்கதை ஆகிவிடும், பார்க்கும் பிள்ளைக்கு எது நல்ல விடை என்று தெரிந்துவிடும். மருந்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், தீர்ந்துபோனால் யார் வாங்கிவருகிறார்கள், எப்போது வீட்டில் சொல்ல வேண்டும் என்று யார் முடிவெடுக்கிறார்கள் என்பவையெல்லாம் வாக்கியத்தில்தான் உயிர்வாழும். ஆகவே இங்கே சொல்லைக் கைவிட வழியில்லை. ஐசாக் நழுவிய இடத்துக்கே நாம் திரும்பி வந்தாக வேண்டும்.

தமிழில் வைத்துப் பார்த்தபோது

கீழே வருவது களப்பணியின் முடிவு அல்ல. இத்தகைய படிவங்களில் வரும் கேள்விகளைத் தமிழில் எழுதிப் பார்க்கும்போது எங்கெங்கே கால் இடறுகிறது என்ற பதிவு. சென்னையும் ஐசாக்கின் மையங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது என்பதால் தமிழ் இந்தக் கதைக்கு அந்நியமல்ல.

முதலில் அந்தச் சீழ்க்கை. தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பவர்கள் தமிழ் வீடுகளில் இரவு விழித்திருந்ததில்லை. சொல் அதிகமாக இருப்பதுதான் சிக்கல். இளைப்பு, இரைப்பு, இழுப்பு, மூச்சிரைப்பு, மூச்சுத் திணறல், ஈளை. யாழ்ப்பாணத்தில் தொய்வு, முட்டு. ஒவ்வொன்றும் பக்கத்து வயலில் ஒரு காலை வைத்திருக்கிறது. 'இளைப்பு' என்றால் இன்றைய பிள்ளைக்கு முதலில் தோன்றுவது உடம்பு மெலிவது. 'இழுப்பு' பல ஊர்களில் வலிப்பு. கைகால் வெட்டி இழுப்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆஸ்துமா கணக்கில் வலிப்பு நோயாளிகள் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 'மூச்சு வாங்குகிறது' என்பது மாடிப்படி ஏறிய எல்லோருக்கும் பொருந்தும். 'மூச்சுத் திணறல்' ஒலியைச் சொல்வதில்லை, தவிப்பைச் சொல்கிறது. ஆங்கிலப் படிவங்களில் அது தனிக் கேள்வி.

பிறகு 'வீசிங்'. தமிழ்நாட்டில் அம்மாக்கள் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரும் சொல்லும் சொல் இதுதான். அப்படியே போட்டுவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் அது ஓர் ஒலியின் பெயர். தமிழுக்கு வந்தபோது அது ஒரு நோயின் பெயராகிவிட்டது. 'பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது' என்று சொல்லும் வீட்டில் பலமுறை 'ஆஸ்துமா' என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காகத்தான் அது சொல்லப்படுகிறது, பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனமாக. ஆகவே வீசிங் உண்டா என்று கேட்டால், சத்தம் கேட்டதா என்ற கேள்வி அந்தப் பிள்ளையின் காதில் 'உனக்கு அந்த வியாதி உண்டா' என்று விழும். ஒருமுறை சளிப் பிடித்து நெஞ்சு கீச்சிட்ட பிள்ளை, எனக்கு அந்த வியாதி இல்லையே என்று 'இல்லை'யில் குறி போடும். பின்னால் 'ஆஸ்துமா இருந்திருக்கிறதா' என்ற கேள்வி வரும்போது நிலைமை மேலும் மோசம். அந்த வீட்டில் அது அலர்ஜியாகவோ, குழந்தைப் பருவக் காசநோயைச் சொல்லும் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' ஆகவோ இருந்திருக்கலாம்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. ஒரே போர்ச்சுகீசிய மொழிக்குள் பிரேசிலில் இந்த ஒலிக்கு ஒரு சொல், போர்ச்சுகலில் வேறொரு சொல். பேச்சுவழக்கில் 'நெஞ்சில் பூனை' என்றும் சொல்வதுண்டு; கேட்ட மாத்திரத்தில் புரிகிறது இல்லையா! யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் ஒரே தமிழ்ப் படிவம் போதும் என்று நினைப்பவர்கள் லிஸ்பனையும் ரியோவையும் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த இடறல் இதைவிடச் சிறியது, ஆனால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஐசாக்கின் கடைசிக் கேள்வி, ஜலதோஷமோ நெஞ்சுத் தொற்றோ இல்லாத நேரத்தில் இரவில் வறட்டு இருமல் வந்ததா என்பது. கைப்பழக்கத்தில் எழுதினால், 'சளி இல்லாமல் இரவில் வறட்டு இருமல் வந்ததா?' என்று வரும். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் தமிழில் சளி என்பது ஜலதோஷமும்தான், நெஞ்சிலிருந்து வெளியே வரும் கோழையும்தான். படிக்கும் பிள்ளை, 'சளி வராத இருமல்தானே வறட்டு இருமல்' என்று எடுத்துக்கொண்டு, ஜலதோஷத்தோடு வந்த இருமலையும் இதில் சேர்த்துவிடும். அந்தக் கேள்வி எதை விலக்க வேண்டும் என்று எழுதப்பட்டதோ அதுவே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். 'சளியோ காய்ச்சலோ பிடித்திருக்காத நாட்களில்' என்று 'பிடித்திருக்காத'வைச் சேர்த்தால்தான் தப்பிக்கலாம்.

'எப்போதாவது' என்ற சொல்லும் இப்படித்தான். மேலே ஐசாக்கின் முதல் கேள்வியைச் சொன்னபோது நானே அதைப் பயன்படுத்தினேன். கேள்வியில் வந்தால் 'வாழ்நாளில் ஒரு தடவையாவது' என்று பொருள். விடைப் பட்டியலில் வந்தால் 'அரிதாக' என்று பொருள். கட்டுப்பாட்டுச் சோதனையின் ஐந்து படிகளை எப்போதும், பெரும்பாலும், சில சமயம், எப்போதாவது, இல்லவே இல்லை என்று அடுக்குவது வழக்கம். அதே தாளின் இன்னொரு மூலையில் 'எப்போதாவது இரவில் விழித்ததுண்டா' என்று இருந்தால், பிள்ளை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ஒரு படி நகர்வது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 19க்கும் 20க்கும் நடுவில்தான் கோடு இருக்கிறது. ஒரு சொல் கொஞ்சம் இலேசாக விழுந்தால், மருந்தைக் கூட்ட வேண்டிய பிள்ளை நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்படும்.

ஜூனிப்பரின் படிவத்தில் ஆங்கிலம் மூன்று உணர்ச்சிகளைத் தனித்தனியாகக் கேட்கிறது: கோபம், சிடுசிடுப்பு, மூன்றாவதாக, நினைத்ததைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் ஒரு குமைச்சல். மூன்றாவதற்கு அகராதியைத் திறந்தால் 'விரக்தி' என்று இருக்கும். விரக்தி வாழ்க்கையை வெறுத்தவர்களுக்கு வருவது. கபடியில் மூச்சு வாங்கி வெளியே உட்கார்ந்த பதிமூன்று வயதுப் பையனுக்கு வருவது அது அல்ல. 'எரிச்சல்' என்று போட்டால் அது இரண்டாவதோடு ஒட்டிக்கொள்கிறது. 'எல்லோரையும் போல என்னால் முடியவில்லையே என்று மனது புழுங்கியதா' என்று ஒரு வாக்கியமாகவே விரிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூலத்தில் ஒரு சொல், தமிழில் ஒரு வரி. நீளம் கூடிவிட்டதே என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

யார் செய்கிறார்கள் என்ற கேள்வி

தன் நோயைத் தானே பார்த்துக்கொள்வதை அளக்கும் படிவத்தின் உயிர்நாடி ஒரு பிரதிப்பெயர். 'நீ'. ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்று. அதற்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் பதினான்கு வயதுப் பிள்ளையை எழுத்தில் எப்படி அழைப்பது?

'நீ' என்றால் வாத்தியாரின் குரல் கேட்கிறது. விடையும் வாத்தியாருக்குச் சொல்லும் விடையாகவே இருக்கும். 'நீங்கள்' என்றால் அந்த வயதுக்கு ஒரு மதிப்புக் கிடைக்கிறது, பிள்ளைகள் அதை உள்ளூர விரும்பவும் செய்வார்கள். ஆனால் 'நீங்கள்' பன்மையும்தான். 'மருந்து தீர்வதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'வைத்துவிடுவோம்' என்று பதில் வரும். யார் வைத்துவிடுவார்கள்? அம்மா. அல்லது வேலையிலிருந்து திரும்பும் வழியில் அப்பா. படிவம் கேட்டது இந்தப் பிள்ளை தானாக என்ன செய்கிறது என்று. விடை கிடைத்தது அந்த வீடு என்ன செய்கிறது என்பதற்கு. வீடு மொத்தமும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். அந்தப் பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதம்தான் உண்மை வெளியே வரும்.

தமிழ் இன்னொரு உபகாரமும் செய்கிறது: எழுவாயை விழுங்கிவிடும். 'காலையில் மருந்து எடுக்க மறப்பதுண்டா?' என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. ஆகவே 'யாரும் நினைவூட்டாமல், நீங்களாகவே' என்று ஒவ்வொரு கேள்வியிலும் பச்சையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாள் கனக்கும். ஆனால் அந்த 'நீங்களாகவே'தான் இந்தப் படிவம் அளக்க வந்த பொருள்.

இதில் ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. நம் வீடுகளில் அம்மா மருந்தை எடுத்துக் கொடுப்பது குறையா? தனியாகச் செய்தால்தான் நன்றாகச் செய்ததாகப் பொருளா? ஆங்கிலப் படிவங்களுக்குப் பின்னால், வயது ஏற ஏறப் பொறுப்பு பெற்றோர் கையிலிருந்து பிள்ளை கைக்கு மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில், மைதானத்தில், பேருந்தில் அம்மா இல்லை. ஆனால் 'அம்மா எடுத்துத் தருவார்' என்பதைப் பூஜ்யமாகக் கணக்கிடும் தமிழ்ப் படிவம், பராமரிப்பை அலட்சியமாகப் பதிவுசெய்கிறது. அதைத் தனி விடையாக வைத்துவிட்டு, மதிப்பெண் கொடுப்பதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

'தன்னம்பிக்கை' என்ற சொல்லை நான் இந்தப் படிவங்களில் அனுமதிக்கவே மாட்டேன். ஆங்கிலம் கேட்பது ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்துவிட முடியும் என்ற உறுதியை. தன்னம்பிக்கை தமிழில் ஒரு நற்பண்பு, பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் பொன்மொழி. தனக்கு அது இல்லை என்று எந்தப் பிள்ளை தாளில் எழுதித் தரும்? 'விளையாட்டு வகுப்பில் மூச்சு முட்டினால், ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு இன்ஹேலரை எடுப்பேன் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்?' என்று இறங்கிக் கேட்க வேண்டும்.

'கட்டுப்பாடு' அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் பதின்ம வயதில் அந்தச் சொல் வீட்டின் தடைகளைத்தான் முதலில் நினைவூட்டும்: ஐஸ்கிரீம் கூடாது, வாழைப்பழம் கூடாது, மழையில் நனையக் கூடாது. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றால், 'இருக்கிறேனே, தயிரைக்கூடத் தொடுவதில்லை' என்று பொருள்கொள்ளும் பிள்ளை தவறு செய்யவில்லை.

பொருட்களின் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தரைவிரிப்புக்குப் பதில் பாயும் தலையணையும். மகரந்தத்தோடு கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, மிளகாய் தாளிக்கும் நெடி, சாக்பீஸ் தூள், தீபாவளிப் புகை. 'எத்தனை முறை அழுத்தினீர்கள்' என்ற கேள்வி, கேப்ஸ்யூலைத் துளைத்துப் பொடியை உறிஞ்சும் கருவி வைத்திருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. மூச்சு முட்டும்போது எடுக்கும் நிவாரண மருந்து அமெரிக்கப் படிவத்தில் அல்பியூட்டரால் என்று இருக்கும்; அதே மருந்துக்கு இங்கே பெயர் சால்புட்டமால். இன்னொன்று, மொழியைத் தாண்டிய சிக்கல்: 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல், 12 வயதுக்கு மேல் வெறும் நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பதை ஏற்பதில்லை. தடுப்பும் நிவாரணமும் ஒரே இன்ஹேலரில் இருக்கும் சிகிச்சை வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் பிள்ளையிடம் 'அவசர மருந்தை எத்தனை முறை எடுத்தாய்' என்று கேட்டால், ஆங்கிலத்திலேயே அது தடுமாறும் கேள்வி.

திரும்ப மொழிபெயர்த்தால் சரியாகிவிடுமா

இந்த வேலைக்கு ஒரு முறைமை உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு வழிகாட்டியைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், ஒருவருக்குப் படிவம் எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டையும் இணைத்து ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்த்திராத இருவர் அதை மீண்டும் மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். வல்லுநர் குழு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தீர்மானிக்கும். பிறகு 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். முள்கரண்டியால் சாப்பிடாத நாட்டில் முள்கரண்டியைப் பற்றிக் கேட்காதே என்பது அந்த வழிகாட்டியே சொல்லும் உதாரணம்.

நல்ல முறைதான். ஆனால் திரும்ப மொழிபெயர்த்தல் என்ற படியின் மீது பலர் வைத்திருக்கும் பக்தி எனக்கு இல்லை. மேலே சொன்ன தவறுகளை அதில் போட்டுப் பாருங்கள். 'வீசிங்' ஆங்கிலத்துக்குப் போனால் அட்சரம் பிசகாமல் மூலச் சொல்லாகவே திரும்பி வரும், குழு கைதட்டும், நடுவில் அது ஒலியிலிருந்து நோயாக மாறியது யாருக்கும் தெரியாது. 'தன்னம்பிக்கை' அப்படியே போய் அப்படியே வரும். 'நீங்கள்' வெறும் இரண்டாம் ஆளாகத் திரும்பும், அதற்குள் ஒளிந்திருந்த குடும்பம் தெரியாது. மோசமான மொழிபெயர்ப்புதான் திரும்பும்போது மிகச் சரியாகத் திரும்புகிறது, ஏனென்றால் அது ஆங்கிலத்தை விட்டு நகரவே இல்லை. 'மனது புழுங்கியதா' போன்ற நல்ல தமிழ் வரியோ திரும்பும்போது மூலத்தைப் போலவே இருக்காது, குழு அதன்மேல்தான் சிவப்பு மை பூசும்.

மூலமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் திரும்ப மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு அப்படிப்பட்டவர்களைத் தேடினால், கடைசியில் ஆங்கில வழியில் படித்த தமிழர்கள்தான் கிடைப்பார்கள், என்னைப் போன்றவர்கள். எங்களுக்கு மூலம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தெரியும். பார்க்காமலே காப்பியடிக்கும் திறமை அது.

ஆகவே எனக்கு எடை கூடிய படி கடைசிப் படிதான்: பிள்ளையிடம் தாளைக் கொடுத்து, கேள்வியை உன் வார்த்தையில் சொல் என்று கேட்பது. 'வைத்துவிடுவோம்' என்ற விடை அங்கேதான் பிடிபடும். வல்லுநர் குழுவில் மருத்துவர், மொழியியலாளர், புள்ளியியலாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் இருப்பார்கள். பதினாலு வயதில் ஒருவர் இருக்க மாட்டார். இரண்டு பேரை உட்கார வைத்தால் பாதிக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கே உட்கார வைத்துக் கேட்பது என்பதும் கவனிக்க வேண்டியது. வகுப்பறையில் தாள் கொடுத்தால் அது பரீட்சை. 'வினாத்தாள்' என்று மேலே அச்சிட்டால் கேட்கவே வேண்டாம். பக்கத்து பெஞ்சைப் பார்ப்பார்கள், சரியான விடையைத் தேடுவார்கள். நான் கேள்விப்படிவம் என்று எழுதிவருவது அதனால்தான். 'படிவம்' என்றால் குறைந்தது ரேஷன் கடையும் வங்கியும் நினைவுக்கு வரும், அங்கே உண்மையை எழுதுவதற்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு.

கோடிட்ட இடம்

ஜூனிப்பரின் படிவத்தில் எனக்கு உதவிய ஓர் உத்தி இருக்கிறது. ஆஸ்துமாவால் எந்தெந்தச் செயல்கள் தடைப்படுகின்றன என்பதை அந்தப் படிவம் தானே தீர்மானிப்பதில்லை, பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பகுதியின் கேள்விகள் பிள்ளை தேர்ந்தெடுத்த செயல்களைப் பற்றியே வருகின்றன. அதே மரியாதையைச் சொல்லுக்கும் கொடுக்கலாமே என்று தோன்றியது.

என் வரைவின் முதல் பக்கத்தில் இப்போது கேள்வி இல்லை. ஒரு விவரிப்பு இருக்கிறது: 'சிலருக்கு மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து விசில் ஊதுவது போல, கீச்சென்று ஒரு சத்தம் வரும். இதை உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்?' கீழே ஒரு கோடு. இளைப்பு, வீசிங், தொய்வு, முட்டு, இரைப்பு என்று எது வேண்டுமானாலும் எழுதலாம், பெயரே இல்லை என்றால் 'அந்தச் சத்தம்' என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு வரும் கேள்விகளில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் மட்டும். கட்டத்தைப் பார்த்ததும் உங்கள் சொல்லைப் போட்டுப் படியுங்கள் என்று குறிப்பு.

திரையில் நிரப்பும் படிவமாக இருந்தால் அந்தச் சொல் தானாகவே எல்லாக் கட்டங்களிலும் போய் உட்கார்ந்துவிடும். அச்சுத்தாளில் பிள்ளைதான் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும், ஐந்தாவது கேள்வியில் மறந்துபோகும். புள்ளியியல் தெரிந்த நண்பர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி என்றால் எதை எதோடு கூட்டுவது என்று கேட்டார். அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. கோட்டை மட்டும் அழிக்கவில்லை.